சட்டியைப் பாராமல் சட்டம் சொல்லாதீர்

சென்ற ஷஃபான் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எனக்கு நெடுநாட் பழக்கமானவர், நல்ல தொழுகையாளி, ஜவுளி வணிகர், முகம் சிவக்க வந்து அருகில் உட்கார்ந்தார். அவருடைய மகள் காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக் கழகத்தில் முதுகலை இரண்டாமாண்டு படிக்கிறாள், விடுதியில் தங்கியிருக்கிறாள். அப்பெண் தோழியருடன் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உள்ள ஒரு சிறிய வியத்நாமியச் சாற்றுக் கடையில் அமர்ந்து, கிண்ணத்திலிருந்து எதையோ உறிஞ்சிக் கொண்டிருந்ததை உறவினர் ஒருவர் கண்டிருக்கிறார். கண்டவர் சும்மா இருப்பாரா? செய்தி அன்றிரவுக்குள் மூன்று வீடுகளைச் சுற்றி, தந்தையின் காதுக்கு வந்து சேரும்போது, “பன்றிக் கஞ்சி குடித்தாள்” என்று ஆகிவிட்டது.

“ஹஜ்ரத், அது ஹராம்தானே? தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கே போய்ப் பிள்ளையைக் கூட்டி வந்துவிடுகிறேன். படித்த வரைக்கும் போதும்” என்றார்.

ஒரு வார்த்தை! அந்த ஒரு வார்த்தைக்குள் ஒரு பெண்ணின் இரண்டாண்டுப் படிப்பு அடங்கிக் கிடந்தது. அவர் கேட்டது சாற்றைப் பற்றிய சட்டமன்று. மகளைக் கட்டி இழுத்துவர ஒரு கயிறு. அக்கயிற்றை மார்க்கத்தின் பெயரால் நான் முறுக்கிக் கொடுக்க வேண்டும் என்று விரும்பினார்.

“பாய், கிண்ணத்தில் என்ன இருந்தது?” என்று கேட்டேன்.

“அது எனக்கெப்படித் தெரியும்?”

“அப்படியானால் எனக்கும் தெரியாது. ஒரு வாரம் தவணை கொடுங்கள், போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்றேன்.

அவர் மனங்கோணியவராய் எழுந்து போனார். ‘ஹராமைச் சொல்ல ஓர் ஆலிமுக்கு ஒரு வாரமா’ என்று அவர் எண்ணியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைத் தவணையின்றி வழங்குவோர் நம்மிடையே இல்லாமலில்லை. அதே வாரத்தில் ஒரு கூட்டத்தில் பேச்சாளர் ஒருவர், “வியத்நாம்காரர் பாம்பும் தவளையும் தின்பவர்; அவர்களுடைய சமையல் எதுவும் நமக்கு ஆகாது” என்று முழங்கினாராம். கேட்டிருந்தோர் தலையை அசைத்தனராம். அந்தப் பேச்சாளரை விட, அசைந்த அத்தலைகளை எண்ணியே இக்கட்டுரையை எழுத எழுதுகோலை எடுத்தேன்.

நாவில் வந்ததையெல்லாம் இது ஹலால், இது ஹராம் என்று கூறி அல்லாஹ்வின் மீது பொய்யை இட்டுக்கட்டுவதைத் திருக்குர்ஆன் அந்நஹ்ல் அத்தியாயத்தில் வன்மையாகக் கண்டிக்கிறது. ஹராமை ஹலால் என்பது எத்துணைப் பெரிய குற்றமோ, ஹலாலை ஹராம் என்பதும் அத்துணைப் பெரிய குற்றமே. நம்மவர் முதற் குற்றத்துக்கு அஞ்சுகின்றனர். இரண்டாவதற்குப் பேணுதல் என்று பெயர் சூட்டிப் போற்றுகின்றனர். பேணுதல் என்பது ஒருவன் தன் வயிற்றைப் பற்றித் தானே எடுத்துக் கொள்ளும் எச்சரிக்கை. அயலான் வீட்டு அடுப்பின் மேல் பழி சுமத்துவதற்கு அச்சொல் எப்போது உரிமையாயிற்று?

ஃபிக்ஹு நூல்களை முறையாக ஓதியவர் எவரும் அறிந்த விதி இது: உண்பொருள்களில் அடிப்படை, ஆகும் என்பதே, விலக்கு வந்தது மட்டும் விலக்கு. இறைச்சியில் மட்டும் அவ்வடிப்படை மாறுகிறது. எவர் அறுத்தது என்பது தெரியும்வரை அதை ஒதுக்கியே வைக்க வேண்டும். ஆகவே நாம் கேட்க வேண்டியது, எந்த நாட்டாருடைய சமையல் என்பதன்று. எவர் அறுத்தது, எதில் வெந்தது, எதோடு கலந்தது என்பதே கேள்வி. இம்மூன்றுக்கும் விடை அடுப்படியில் இருக்கிறது, மேடையில் இல்லை.

எனவே அடுப்படிக்கே போனேன். முதலில் நகரத்துக்குள்ளேயே ஒரு கடை. அங்கே பணியிலிருந்த இளைஞர் மறைக்காமல் சொன்னார்: எலும்புச்சாற்றில் மாட்டெலும்போடு பன்றியெலும்பும் போடுவதுண்டு என்று. நன்றி கூறி எழுந்துவிட்டேன். வேதக்காரர் நாட்டில் வாழ்ந்த அபூ ஸஃலபா (ரலி) அவர்கள், அம்மக்களுடைய பாத்திரங்களில் உண்ணலாமா என்று வினவியபோது, வேறு பாத்திரம் கிடைத்தால் அவற்றில் உண்ணாதீர், கிடைக்காவிடில் கழுவி உண்ணுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். புதுவையில் வேறு பாத்திரத்துக்கா பஞ்சம்? அந்தக் கடையின் கதை அவ்வளவில் முடிந்தது. கேட்டேன், சொன்னார், விலகினேன். கேட்டதற்காக அவரும் வருந்தவில்லை, சொன்னதற்காக நானும் வருந்தவில்லை.

அடுத்து, என் பழைய மாணவர் ஒருவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து காலாப்பட்டுக்குப் புறப்பட்டேன். நகரிலிருந்து வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். 1985இல் பல்கலைக் கழகம் தோன்றியபின் அவ்வூரின் முகமே மாறிவிட்டது. மீனவர் குப்பத்துக்கும் மாணவர் விடுதிக்கும் இடையே சாலையோரம் எத்தனையோ நாட்டுச் சாப்பாட்டுக் கடைகள். நாங்கள் தேடிய கடை தகரக் கூரையின் கீழ் ஆறு மேசைகளோடு இருந்தது. குட்டை நாற்காலிகள், குவளையில் செருகிய குச்சிகள், ஒரு மூலையில் இடுப்பளவு உயரமுள்ள பெரிய சட்டி, மூடியிடுக்கில் ஆவி கசிய. என் தொப்பியையும் தாடியையும் கண்ட கடைக்காரர் முதலில் சற்றுத் திகைத்தார். வயது நாற்பதிருக்கும், தமிழ்க் கிறித்தவர், அவருடைய பாட்டி சைகோன்காரர். வந்த காரியத்தைச் சொன்னவுடன், “உள்ளே வாருங்கள் ஐயா, நீங்களே பாருங்கள்” என்று மூடியைத் தூக்கிவிட்டார்.

வாசகப் பெருமக்களே, அந்த ஆவி முகத்தில் பட்டபோது நான் நாற்பதாண்டுக் காலம் பின்னோக்கிப் போனேன். அதைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் சட்டியில் இருந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

கோழியெலும்பு; சுட்டுக் கருக்கிய இஞ்சி; சுட்ட வெங்காயம்; பட்டை, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ, கொத்தமல்லி விதை. இவ்வளவே. பக்கத்தடுப்பில் இதே முறையில் மாட்டெலும்புச் சாறு தனியே கொதித்துக் கொண்டிருந்தது. நம் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணிச் சட்டியடியில் துணியில் முடிந்து போடும் மசாலாவை அவிழ்த்துப் பாருங்கள். இவற்றில் எது அங்கில்லை? பல மணி நேரம் சிறு தீயில் கிடந்து இறங்கும் அச்சாற்றை, அரிசி மாவில் செய்த மெல்லிய நாடா போன்ற இழைகளின் மேல் ஊற்றி, வெந்த இறைச்சியைச் சீவிப் போட்டு, வெங்காயத்தாளும் கொத்தமல்லித் தழையும் முளைகட்டிய பயறும் எலுமிச்சைத் துண்டும் பச்சை மிளகாயும் உடன் வைத்துத் தருகிறார்கள். ஃபோ என்பது இதுதான். நாம் அரிசி மாவை உரலில் பிழிந்து இடியாப்பமாக்கி, ஆட்டுக்கால் பாயாவை அதன் மேல் ஊற்றி உண்கிறோம். அவர்கள் அதே அரிசியைத் தகடாக ஊற்றி வேகவைத்து இழையாக அரிந்து, எலும்புச்சாற்றை அதன் மேல் ஊற்றுகிறார்கள். இடியாப்பமும் பாயாவும் ஹலால், இது மட்டும் ஹராம் என்பதற்கு இடையிலுள்ள ஆதாரம் யாதோ, அறிந்தவர் எழுதினால் நானும் படித்துத் தெரிந்து கொள்வேன்.

ஃபோ அப்படியொன்றும் பழைமையான உணவன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கே ஹனோய், நாம்தின் ஆகிய ஊர்ப்பக்கங்களில் தோன்றியது. பிரெஞ்சுக்காரர் மாட்டிறைச்சியை விரும்பி வாங்க, மிஞ்சிய எலும்பு மலிவாகக் கிடைத்தது. ஏழைகள் அதைச் சட்டியிலிட்டனர் என்று கூறுவர். 1954இல் ஜெனீவா உடன்படிக்கையால் நாடு இரண்டாகப் பிரிந்தபோது தெற்கே பெயர்ந்த பல இலட்சம் மக்கள் அதைச் சைகோனுக்குக் கொண்டுவந்தனர். பச்சைத் தழைகளையும் பயறையும் வாரிச் சேர்ப்பது பெரிதும் தென்னாட்டு வழக்கம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வியத்நாமியச் சாறு எல்லாம் ஒன்றன்று. ஃபோ மாட்டெலும்பிலோ கோழியெலும்பிலோ ஆவது. ‘ஹூ தியூ’ என்னும் தென்னாட்டுச் சாறு வழக்கமாகப் பன்றியெலும்பில் ஆவது. ஹுவே நகரத்துக் காரச் சாற்றில் மாட்டிறைச்சியோடு பன்றிக்கால் சேர்வதுண்டு. உறைந்த இரத்தக் கட்டியும் இடுவர். பெயரை அறிந்தவன் பாதி வேலையை முடித்துவிடுகிறான். எல்லாவற்றையும் பாம்பென்றும் தவளையென்றும் ஒரே மூட்டையாகக் கட்டுகிற பேச்சாளர், ஹலாலானதையும் மறைக்கிறார். உண்மையில் ஹராமானது எது என்பதையும் மக்களுக்குச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். நாளை அவருடைய சீடன் ஒருவன் பெயர் தெரியாமல் ஹூ தியூவை வாங்கி உண்டால் அப்பொறுப்பு யாருடையது?

கடைக்காரரிடம் இறைச்சியைப் பற்றிக் கேட்டேன். கோழி, அதே சாலையிலுள்ள நம்மவர் ஒருவர் கடையிலிருந்து நாள்தோறும் வருகிறது. அக்கடைக்கும் போய் அறுப்பதைக் கண்ணால் பார்த்தேன். மாட்டிறைச்சி நகரத்திலுள்ள முஸ்லிம் கசாப்புக்காரரிடமிருந்து வருகிறது. பன்றி அந்தச் சமையலறைக்குள் வருவதில்லை. இடம் போதாது, விற்பனையும் இராது என்றார். நெம் என்று பிரெஞ்சு வழக்கில் சொல்லும் பொரித்த சுருளுக்கும் கோழியும் இறாலுமே உள்ளீடு. பிறகு அவராகவே ஒன்று சொன்னார், நான் கேளாமலே: சனி, ஞாயிறுகளில் கூட்டம் மிகுந்து மாட்டிறைச்சி தீர்ந்துவிட்டால், உறையவைத்த பொட்டலம் வாங்கிப் போட நேர்வதுண்டு, அது எங்கிருந்து வருகிறதென்று தமக்குத் தெரியாது என்றார். இவ்வளவு நேர்மையாகத் தம் கடையைப் பற்றிப் பேசும் நம் சமூகத்து உணவு வணிகர் எத்தனை பேரை நான் கண்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையைச் சொல்லாமல் விடுவதே நாகரிகம்.

அடுத்தது மீன்சாறு. நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு இதுவே பெரிய அருவருப்பு. “அழுகிய மீனின் தண்ணீர்” என்கிறார்கள். நெத்திலியும் உப்பும், மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் மரத்தொட்டியிலிட்டு ஏறத்தாழ ஓராண்டு வைத்து வடிப்பது அது. நெத்திலியைக் குடலெடுக்காமல் இடுகிறார்களே என்று ஒரு மாணவர் கேட்டார். சிறிய மீனின் வயிற்றிலுள்ளது மன்னிக்கப்பட்டது என்று நம் ஷாஃபிஈ நூல்கள் கூறுவதை அவருக்கு எடுத்துக் காட்டினேன். நாம் நெத்திலிக் கருவாட்டைக் குடலெடுத்தா பொரிக்கிறோம்? மாசியை இடித்துச் சம்பல் செய்யும் வீட்டில், மீன்சாற்றின் வாடைக்கு மூக்கைப் பொத்துவது எனக்கு விளங்காத புதிர். புகாரி இமாம் அவர்கள் தம் ஸஹீஹில் கடல் வேட்டையைப் பற்றிய பாடத்தில், அபுத்தர்தா (ரலி) அவர்களின் கூற்றொன்றைக் குறிக்கிறார்கள். மதுவில் மீனும் உப்பும் இட்டு வெயிலில் வைத்து ஆக்கும் ‘முர்ரீ’ என்னும் சாற்றைப் பற்றி, அந்த மதுவை மீனும் வெயிலும் அறுத்துவிட்டன என்னும் கருத்துப்பட அவர்கள் கூறினார்கள். வெளிப்பொருள் இட்டு மதுவை மாற்றினால் அது தூய்மையாகாது என்பதே நம் மத்ஹபின் தீர்ப்பு. ஆகவே அக்கூற்றை நான் இங்கே சட்டமாகக் கொள்ளவில்லை. வியத்நாமிய மீன்சாற்றில் மது இல்லாததால் அதற்குத் தேவையும் இல்லை. மீனை வெயிலில் ஊறவைத்து வடித்த சாறு நபித்தோழர்களின் உணவு விரிப்பில் ஓர் அந்நியப் பண்டமாக இருக்கவில்லை என்பதை மட்டும் சுட்டுகிறேன். ஏன், நம் புதுவைக்கே அது அந்நியமன்று. அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய ஜாடித் துண்டுகளை ஆராய்ந்தவர்கள், மதுவும் எண்ணெயும் வந்த ஜாடிகளோடு மீன்சாறு வந்த ஜாடிகளும் இருந்தன என்று எழுதியிருக்கிறார்கள்.

“இருந்தாலும் மனம் ஒப்பவில்லையே, ஹஜ்ரத்” என்பார் உளர். ஒப்பாவிட்டால் உண்ணாதீர், யார் வற்புறுத்தினார்? அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் பொரித்த உடும்பு வைக்கப்பட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் கையை எடுத்துக் கொண்டார்கள். ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்க, இல்லை, எம் மக்களின் மண்ணில் அது இருந்ததில்லை, எனவே மனம் ஒப்பவில்லை என்னும் கருத்தில் விடையளித்தார்கள். காலித் அவர்கள் தட்டைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். நாயகம் அவர்கள் பார்த்துக் கொண்டிருந்தார்கள். இந்த ஹதீஸை மதரஸாவில் ஓதாத மாணவன் இல்லை. ஓதியபின் வீட்டுக்கு வந்து, தன் நாக்குக்குப் பழகாததையெல்லாம் ஹராம் என்று சொல்லாத மாணவனும் குறைவு. அப்படிச் சொன்னவர்களுள் ஒருவன் இதை எழுதுகிறேன்.

ஆவி என்னைப் பின்னோக்கிக் கொண்டுபோனதென்றேனே, அது இந்த இடந்தான்.

1859இல் பிரெஞ்சுக்காரர் சைகோனைக் கைப்பற்றிய பின், புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் நாட்டார் எழுத்தராகவும் காவலராகவும் சிப்பாயாகவும் அங்கே போனார்கள். காரைக்கால், நாகூர், கூத்தாநல்லூர் முஸ்லிம்கள் துணி வணிகராய்ப் போனார்கள். சைகோனின் தோங் யூ வீதியில் 1935இல் எழும்பிய பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது. இன்றும் அங்கே ஐவேளைத் தொழுகை நடைபெறுகிறது. என் பெரியாப்பா, வாப்பாவுக்கு மூத்தவர், அந்தச் சுற்றுவட்டத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதப் போனவர். 1954இல் வடக்கேயிருந்து அகதியாய் வந்த குடும்பத்துப் பெண்ணொருத்தியை, கலிமாச் சொல்லிக் கொடுத்து நிக்காஹ் செய்து கொண்டார். 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்தது. நம்மவர் பெரும்பாலோர் கடையையும் சரக்கையும் விட்டு வெளியேறினர். மறு ஆண்டு பெரியாப்பாவும் பெரியம்மாவும் ஒரு பெட்டியோடும் ஒரு பெரிய அலுமினியச் சட்டியோடும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பிள்ளையில்லை. சைகோன் பெரியம்மா என்றே அவரை அழைத்தோம்.

எல்லாத் தொழுகையும் நேரத்தில் தொழுவார். தமிழ் கடைசிவரை அரைகுறைதான். ஃபோ என்னும் சொல்லை அவர் சொல்லும்போது ஓசை கீழே இறங்கி, கேள்வி கேட்பதுபோல் மேலெழும்பும். அந்த ஏற்ற இறக்கத்துக்கே அவர்கள் மொழியில் ‘கேள்’ என்று பொருள்படும் பெயர் உண்டென்று பிற்காலத்தில் அறிந்தேன். எங்கள் வீட்டில் எவரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை.

1983ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள். எனக்கு வயது பதினான்கு. மதரஸாவில் ஃபத்ஹுல் முயீன் ஓதத் தொடங்கி, அசுத்தங்களைப் பற்றிய பாடத்தை முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்தேன். குர்பானி மாட்டெலும்பைப் பெரியம்மா கொல்லையில் தனியடுப்பில் இரவெல்லாம் காய்ச்சியிருந்தார். பெரியாப்பா பிஸ்மி சொல்லித் தம் கையால் அறுத்த பிராணியின் எலும்பு அது. அதைவிடத் தெளிவான ஹலால் அன்றைக்குப் புதுவையில் எங்கே இருந்திருக்கும்? வீட்டுக்கும் அண்டை வீடுகளுக்கும் கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்தனுப்பினார். சாறு காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரைக் கவனியுங்கள் என்னும் கருத்தில் அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரையை நான் பாடமாக ஓதியிருந்தேன். அவர் செய்து கொண்டிருந்தார்.

கிண்ணங்கள் அப்படியே திரும்பி வந்தன. மருந்துத் தண்ணீர் என்றார்கள், வாடை என்றார்கள். நான் அதற்கு மேலே ஒரு படி போனேன். அவர்கள் நாட்டில் பன்றி தின்பார்கள், இந்தச் சட்டி அங்கிருந்து வந்தது என்று சொல்லி, எங்கள் வீட்டுக் கிண்ணங்களை ஏழு முறை, ஒரு முறை மண்ணிட்டுக் கழுவ வேண்டும் என்று சட்டம் சொன்னேன். ஆலிமாகப் போகிற பிள்ளை சொல்கிறது என்று உம்மாவும் கழுவினார். பெரியம்மா கிணற்றடியில் நின்று பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு என்னருகில் வந்து, கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்து கொள்ள விரும்புகிறவர் போல், “நாய் நக்கிச்சா, தம்பி?” என்று கேட்டார்.

அந்தச் சட்டம் அவருக்கும் தெரிந்திருந்தது. சைகோனில் கற்றிருப்பார்.

அதற்குப் பின் அவர் அந்தச் சாற்றைக் காய்ச்சவில்லை. 1998இல் மவுத்தானார். அந்தச் சட்டியில் வீட்டில் அரிசி கொட்டி வைத்திருந்தார்கள். நான் ஆலிமாகி, ஆசிரியனாகி, அதே பாடத்தை முப்பதாண்டுகளாக நடத்தி வருகிறேன். ஒவ்வோராண்டும் அந்த இடம் வரும்போது பாடத்தைச் சற்று விரைந்து கடந்துவிடுவது என் வழக்கம்.

பிறருக்கு ஒப்பாதல் என்று வாதிப்போருக்கு நீண்ட விடை வேண்டியதில்லை. பிறருடைய வணக்கத்துக்கும் சமயச் சின்னத்துக்கும் ஒப்பாவதைப் பற்றியது அந்த எச்சரிக்கை; பசித்தவன் குடிக்கும் சாற்றைப் பற்றியதன்று. தபூக்கில் அயலார் ஆக்கிய பாலாடைக் கட்டி கொண்டுவரப்பட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் கத்தியைக் கேட்டு வாங்கி, பிஸ்மி சொல்லி நறுக்கினார்கள். போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மிளகாயை நம் ஆணத்திலிருந்து எடுத்துவிட்டு வந்து என்னோடு இந்த வாதத்தைப் பேசட்டும். மேக்கொங் ஆற்றங்கரையில் சாவ் தோக் பக்கத்தில் வாழும் சாம் முஸ்லிம்கள் நம்மைப் போலவே ஷாஃபிஈகள். சைகோனில் பென் தான் சந்தையையொட்டிய வீதியில் முஸ்லிம் உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. அவர்களிடம் போய், உங்கள் நாட்டுச் சாறு ஹராம் என்று நம் பேச்சாளர் முழங்கிப் பார்க்கட்டும்.

ஆனால் நான் இப்படி எழுதுவதைக் கண்டு இளைஞர்கள் கைதட்ட வேண்டாம். உங்களிடமும் எனக்கு வழக்குண்டு. “பிஸ்மி சொல்லிச் சாப்பிட்டால் போதுமே, ஹதீஸ் இருக்கிறதே” என்று என்னிடமே சொன்ன மாணவரைக் கண்டிருக்கிறேன். அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் அந்த ஹதீஸ், புதிதாய் இஸ்லாத்தில் வந்தவர்கள் கொணர்ந்த இறைச்சியைப் பற்றியது. முஸ்லிம் அறுத்தான் என்பது தெரியும், பிஸ்மி சொன்னானா என்பதே ஐயம். அறுத்தவன் எவன் என்றே தெரியாத பொட்டலத்துக்கு அதை இழுத்துப் போர்த்துவது, தந்தைமார் செய்யும் அதே பிழையை மறுபக்கமிருந்து செய்வதாகும். அவர்கள் கேளாமல் விலக்குகிறார்கள்; நீங்கள் கேளாமல் விழுங்குகிறீர்கள். சுவரில் ஒட்டிய ஹலால் சீட்டு உங்களுக்காகக் கேட்டுவிட்டது என்றும் எண்ணாதீர்கள். அச்சீட்டை ஒட்டியவன் எவன், எந்த ஆண்டில், எந்தச் சரக்குக்கு? கடைக்காரரின் முகத்தைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்க வெட்கம், தோழர்கள் சிரிப்பார்களே என்று. காலாப்பட்டுக் கடைக்காரரிடம் நான் ஏழெட்டுக் கேள்விகள் கேட்டேன், எவரும் சிரிக்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்டார்கள்.

கேட்டு முடித்தபின் ஒரு கிண்ணம் கோழிச் சாறு வாங்கி உண்டேன். குச்சியைப் பிடிக்கத் தெரியவில்லை, கரண்டி கொடுத்தார். பெரியம்மாவின் சாறு இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. நான் ஒருநாளும் அதைச் சுவைத்ததில்லையாதலால், இது வெறும் தோற்றமே.

தவணை முடிந்த நாளில் ஜவுளி வணிகரைக் கடையில் சென்று கண்டேன். கண்டதை ஒன்றுவிடாமல் சொன்னேன். கோழிச் சாறு எந்நாளும் ஆகும். மாட்டிறைச்சி வாரநாளில் ஆகும். சனி, ஞாயிறுகளில் கேட்டுவிட்டு, பொட்டலமென்றால் விட்டுவிட வேண்டும் என்றேன்.

“அப்படியென்றால் அது ஹராமா, ஹலாலா? ஒன்றைச் சொல்லுங்கள், ஹஜ்ரத்!”

“சொல்லிவிட்டேனே, பாய்.”

அவருக்கு அது பிடிக்கவில்லை. சற்று நேரம் அளவுகோலை உருட்டிக் கொண்டிருந்துவிட்டு, மகளைத் தொலைபேசியில் அழைத்தார். நான் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தார். நான் சொன்னதை அப்படியே அவளுக்குச் சொன்னார். மறுமுனையில் சிறிது அமைதி. பிறகு அந்தப் பெண், “அதெல்லாம் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த அண்ணனிடம் கேட்டுவிட்டேன், வாப்பா. நான் கோழி மட்டும்தான் வாங்குவேன். நீங்கள் என்னிடம் கேட்கவே இல்லையே” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். பன்னிரண்டு கிலோமீட்டர் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்த நானும் அவளிடம் கேட்டிருக்கவில்லை.

அவளுக்கு இன்னும் ஒரு பருவத் தேர்வு பாக்கியிருக்கிறது. எழுதப் போகிறாள்.